உவேனோவின் யானைகள்

டோக்கியோ மாநகரின் மையத்திற்குச் சற்று வடகிழக்கே உவேனோ என்றொரு மேட்டு நிலம் உள்ளது. அம்மேட்டின்மீது அமைந்துள்ள பூங்காவும், பூங்காவினுள் இருக்கும் மிருகக் காட்சிச் சாலையும் ஜப்பானியக் குடும்பங்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை. பாட்டனார் சிறுவராக வந்து யானை பார்த்த இடத்திற்கே பேரனையும் கைப்பிடித்து அழைத்து வருகிறார். அயல்நாட்டுப் பயணிகளோ அருங்காட்சியகங்களுள் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு, செர்ரி மரங்களின்கீழ் நிழற்படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்திற்கு விரைந்துவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இப்பூங்காவிற்கு ஒரு முழுப் பகலைக் கொடுப்பவர்க்குக் கிடைப்பது வேறு. போரும், பசியும், பெற்றோரை இழந்த சிறுவரும், நம் நாட்டு யானை ஒன்றும், நம் திருச்சபையைச் சேர்ந்த துறவறச் சகோதரர் ஒருவரும் இம்மேட்டைச் சுற்றியே ஒன்றுகூடுகின்றனர். அதனை நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், துணை எவருமின்றித் தனியே உவேனோ இரயில் நிலையத்தில் இறங்கினோம். (திங்கட்கிழமைகளில் மிருகக் காட்சிச் சாலைக்கு விடுமுறை, செல்வோர் இதை நினைவில் கொள்வது நலம்.) தனியே ஊர் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம், 'போதும், போகலாமா?' என்று கேட்பார் எவருமில்லை. கண்டு வியந்ததை உடனே எடுத்துச் சொல்ல அருகில் ஆளில்லை என்பதே குறை. டோக்கியோவின் ஆகஸ்ட் வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இளைத்ததன்று. காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மரங்களில் சில்வண்டுகள் எழுப்பிய ஓசை இரயில்களின் இரைச்சலையும் விஞ்சியது.

பூங்காவின் தென்முனையில் சைகோ தகாமோரி என்னும் போர்வீரரின் வெண்கலச் சிலை நிற்கிறது. வாளும் கவசமுமாய் விறைத்து நிற்கும் வீரர் சிலைகளையே கண்டு பழகிய நமக்கு, எளிய உடை அணிந்து, நாயைக் கயிற்றில் பிடித்தவாறு உலாவப் புறப்பட்டவர் போல் நிற்கும் இச்சிலை வியப்பூட்டியது. 1898-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இச்சிலைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்திலும் பெருந்தீயிலும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்தோர் பெருந்திரளாக இம்மேட்டில் வந்து தஞ்சம் புகுந்தனர். காணாமற்போன மகனையும் மனைவியையும் தேடியவர்கள் காகிதங்களில் பெயரெழுதி இச்சிலையெங்கும் ஒட்டி வைத்தார்களாம். வெண்கலம் தெரியாதவாறு காகிதம் மூடியிருந்த அந்நாளைய நிழற்படங்கள் இன்றும் உள்ளன.

இம்மேடு பூங்காவான வரலாறும் சுவையானதே. 1625-ஆம் ஆண்டில் இங்குக் கனெய்ஜி என்னும் பெரும் பௌத்த மடம் எழுப்பப்பட்டது. 1868-ஆம் ஆண்டு பழைய ஆட்சியாளரின் ஆதரவாளர்களுக்கும் பேரரசரின் படைக்கும் நடந்த போரில் மடத்தின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் மருத்துவமனை ஒன்று கட்டலாம் என அரசினர் எண்ணினர். அதற்கென இடத்தைப் பார்வையிட வந்த போடுவின் என்னும் டச்சு மருத்துவரோ, 'இத்தகைய மரங்களை வெட்டலாகாது. இதை மக்களுக்குரிய பூங்காவாக்குங்கள்' என்று அறிவுரை கூறினார். மருத்துவமனை கட்டவந்த மருத்துவரே மரங்களுக்காகப் பரிந்து பேசினார்! 1873-இல் பூங்கா உருவாயிற்று. நன்றி மறவாத மக்கள் நூறாண்டு கழித்து அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தனர். ஆனால் படம் மாறிப்போய், அவருடைய சகோதரரின் முகமே சிலையில் அமைந்துவிட்டது! 2006-ஆம் ஆண்டில்தான் சரியான முகத்தோடு புதிய சிலை வைக்கப்பட்டது. நாம் அதன் முன் சற்று நேரம் நின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் பெற வேண்டிய வணக்கங்களைப் பெற்ற அந்தச் சகோதரரை எண்ணிப் புன்னகைத்துக்கொண்டோம்.

காலை ஒன்பதரை மணிக்கு மிருகக் காட்சிச் சாலையின் கதவு திறக்கிறது. கட்டணம் 600 யென். தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குக் கட்டணமில்லை. 1882-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இதுவே ஜப்பானின் முதல் மிருகக் காட்சிச் சாலை. உள்ளே நுழைந்ததும் நம் கண்ணில் பட்டது விலங்கன்று. ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்று. பழைய மடத்தின் கோபுரம் அது. 1639-ஆம் ஆண்டுக் கட்டிடம். போரிலும் நிலநடுக்கத்திலும் தப்பி, இன்று விலங்குகளின் நடுவே நிற்கிறது. அதனருகே சிறுவர் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தனர்.

குரங்குகளுக்கென 1930-களின் தொடக்கத்தில் எழுப்பிய செயற்கை மலையில் தாய்க்குரங்குகள் குட்டிகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தன. 1948 முதல் 1974 வரை இச்சாலையில் குரங்கு ஓட்டும் சிறுவர் இரயில் ஒன்று ஓடியதாம். விலங்குகளை அவ்வாறு வேலை வாங்குவது தகாது என்ற எண்ணம் வளர்ந்தபின் அது நிறுத்தப்பட்டது. 1972-இல் சீனத்திலிருந்து முதன்முதலாகப் பாண்டாக்கள் இரண்டு வந்தபோது இங்கு நின்ற வரிசைகளைப் பற்றி ஜப்பானியர் இன்னும் பேசுகின்றனர். நாம் அப்பக்கம் செல்லவில்லை. நம் கால்கள் யானைகளை நாடின.

யானை முற்றத்தில் உதாய் என்னும் பெண் யானையையும் அதன் குட்டி அருணையும் பற்றிய குறிப்புப் பலகையைக் கண்டதும், ஏதோ நம் ஊர்ப் பெயர்களைப் படிப்பது போன்றதோர் உணர்வு உண்டாயிற்று. தாய்லாந்திலிருந்து 2002-ஆம் ஆண்டில், ஜப்பானிய அரச குடும்பத்தில் இளவரசி பிறந்த மகிழ்ச்சியை முன்னிட்டு வந்த யானைகள் ஆதித், உதாய் என்பவை. ஆதித் என்பது ஆதித்தன். உதாய் என்பது உதயம். ஆதித் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இறந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் உதாய் ஈன்ற ஆண் குட்டியே அருண். 138 ஆண்டுகளில் இச்சாலையில் பிறந்த முதல் யானைக்கன்று அதுவாகும்.

நாம் நின்றுகொண்டிருந்த இடத்திற்கு மூதாட்டி ஒருவர் பேரனோடு வந்து நின்றார். நம்மை ஏற இறங்கப் பார்த்து, 'இந்தோ?' என்றார். இந்தியா என்பதற்கு ஜப்பானியச் சொல் அதுவென்று அறிந்திருந்தமையால் தலையசைத்தோம். அவர் முகம் மலர்ந்தது. தம் இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்தித் தாம் சிறுமியாயிருந்ததைக் குறித்தார். பின்னர் மற்றொரு கையைத் தும்பிக்கை போல் உயர்த்தி, 'இந்திரா! இந்திரா!' என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நமக்கு ஜப்பானிய மொழி தெரியாது. எனினும் அவர் சொல்ல வந்தது நமக்கு விளங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலைதாழ்த்தி வணங்கினோம். பேரன் நம் இருவரையும் விந்தையாகப் பார்த்தான்.

அவர் குறித்த இந்திரா யாரென்று சொல்லுமுன், அதற்கு முன்னிருந்த மூன்று யானைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கு ஜான், டோங்கி, வான்லி என மூன்று யானைகள் இருந்தன. ஜானும் டோங்கியும் 1924-இல் இந்தியாவிலிருந்து வந்தவை. வான்லி 1935-இல் சயாம் நாட்டிலிருந்து வந்தது. அதைச் சிறுவர் ஹனாகோ என்று செல்லமாக அழைத்தனர். 1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் டோக்கியோவின் ஆளுநரிடமிருந்து ஆணை வந்தது: ஆபத்தான விலங்குகள் அனைத்தையும் ஒரு மாதத்திற்குள் கொன்றுவிட வேண்டும். வான்வழித் தாக்குதலின்போது கூண்டுகள் உடைந்து, அவை தெருவில் இறங்கிவிடக்கூடும் என்பது சொல்லப்பட்ட காரணம். துப்பாக்கி ஓசை கேட்டால் அக்கம்பக்கத்தார் கலங்குவர் என்பதால், சுடுவதற்கும் அனுமதியில்லை. சிங்கம், சிறுத்தை, கரடி எனப் பலவும் எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னின் நஞ்சை உணவோடு உண்டு மாண்டன. ஒரு சிலவற்றைக் கயிற்றாலும் ஈட்டியாலும் கொல்ல நேர்ந்தது. மாண்டவை இருபதுக்கும் மேற்பட்டவை.

யானைகள் நஞ்சுக்கு வசப்படவில்லை. நஞ்சு தோய்ந்த உருளைக்கிழங்கை மோப்பம் பிடித்து விலக்கிவிட்டன. ஊசியோ அவற்றின் தோலில் ஏறவில்லை. எஞ்சிய வழி ஒன்றே. உணவையும் நீரையும் நிறுத்துவது. முரட்டுத்தனம் மிகுந்த ஜானுக்கு ஆணை வருமுன்னரே, ஆகஸ்ட் 13 முதல் உணவு நிறுத்தப்பட்டிருந்தது. 29-ஆம் நாள் அது இறந்தது. ஹனாகோவும் டோங்கியும் சாதுவானவை. சிறுவர்களுக்கு வித்தைகள் காட்டிப் பழகியவை. பணியாளர் எவரேனும் கொட்டில் பக்கம் வந்தால், மெலிந்த உடலைத் தூக்கி நிறுத்தி, தும்பிக்கையை உயர்த்தி, தமக்குத் தெரிந்த வித்தையைச் செய்து காட்டினவாம். வித்தை செய்தால் உணவு கிடைக்கும் என்பதுதானே அவை கற்றிருந்த பாடம்! மனம் பொறாத பணியாளர் மறைவாக ஏதேனும் கொடுத்ததும் உண்டு. அதனால் அவற்றின் துன்பம் நீண்டதா, தணிந்ததா என்று யார் சொல்ல வல்லார்?

செப்டம்பர் 4-ஆம் நாள் மாண்ட விலங்குகளுக்கென நினைவுச் சடங்கு நடந்தது. ஆளுநர் வந்தார், பௌத்தத் துறவியர் வழிபாடு நடத்தினர், பள்ளிச் சிறுவர் வரிசையாக நின்று கண்ணீர் சிந்தினர். அந்நேரத்தில், கறுப்பும் வெள்ளையுமான துணித்திரைக்கு அப்பால், இறந்தவையாக அறிவிக்கப்பட்ட யானைகளுள் இரண்டு இன்னும் உயிரோடு நின்றுகொண்டிருந்தன. ஹனாகோ செப்டம்பர் 11-ஆம் நாளும், டோங்கி செப்டம்பர் 23-ஆம் நாளும் இறந்தன.

இதை நாம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1951-இல் துச்சியா யூக்கியோ எழுதிய சிறுவர் கதை ஒன்றின் வாயிலாக ஜப்பானில் தலைமுறைகள் இந்நிகழ்ச்சியை அறிந்தன. குண்டுகள் மழையெனப் பொழிந்துகொண்டிருந்தபோது வேறு வழியின்றி இது நடந்ததுபோல் அக்கதை காட்டும். உண்மையில் 1943-ஆம் ஆண்டுக் கோடையில் டோக்கியோவின்மீது குண்டுகள் விழவில்லை. 1942 ஏப்ரலில் நடந்த ஒரு தாக்குதலுக்குப்பின், 1944 நவம்பர் வரை அந்நகரம் அமைதியாகவே இருந்தது. வடக்கே செந்தாய் நகர மிருகக் காட்சிச் சாலை ஒரு யானையை ஏற்க முன்வந்தது. ஆளுநர்தாம் அனுமதி மறுத்தார். போர் வெற்றிகரமாக நடக்கிறதென நம்பியிருந்த மக்களை அதிரவைத்து, வரப்போகும் துன்பங்களுக்கு அவர்கள் உள்ளத்தை ஆயத்தப்படுத்தவே இவ்விலங்குகள் பலியிடப்பட்டன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின், குண்டுக்கு அஞ்சி நிகழ்ந்த செயல் அன்று இது. மேசையின்முன் அமர்ந்து, எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு. நம் கருத்தில், கதையை விட உண்மையே சிறுவர்க்குச் சொல்லத் தக்கது; வானத்திலிருந்து விழும் தீமையை விட, கையொப்பமிட்டு நிகழும் தீமையையே மனிதர் அதிகம் அறிந்திருக்க வேண்டும்.

யானை முற்றத்திற்கு அண்மையில், மரநிழலில், விலங்குகளுக்கான நினைவுச்சின்னம் ஒன்றுள்ளது. இப்போதுள்ள சின்னம் 1975-இல் எழுப்பப்பட்டது. வண்ணக் காகிதத்தால் செய்த கொக்குகளைச் சரஞ்சரமாகக் கோத்து அதன்முன் தொங்கவிட்டிருந்தனர். சிறுவர் விரல்களின் வேலை என்பது மடிப்புகளின் கோணலிலேயே தெரிந்தது. நாம் செபமாலையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. விலங்குகளுக்கென நம்மிடம் செபம் ஏது என்று தயங்கினோம். எனினும் யோனாவின் ஆகமத்து இறுதி நினைவுக்கு வந்தது. நினிவே நகரை அழிக்காமல் விட்டதற்குக் காரணம் கூறும் இறைவன், வலக்கை இடக்கை அறியாத மாந்தரோடு அந்நகரத்துக் கால்நடைகளையும் குறிப்பிடுகின்றார் அன்றோ! அந்த நூல் அங்கேயே முடிந்தும் விடுகிறது.

விலங்குகளுக்காக இத்துணை உருகுவது தகுமா, மனிதர் பட்டினியால் சாகும் உலகில் யானைக்காகக் கண்ணீரா என்று வாசகருள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இரண்டு பக்கத்தையும் ஒரே பத்தியில் (எண் 2418) சொல்லிவிடுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது. அவ்வாறே, மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது. உவேனோவில் இவ்விரண்டு வாக்கியங்களும் வெறும் ஏட்டுப் பாடமாய் நின்றுவிடவில்லை என்பதை மாலையில் கண்டோம். அதற்குப் பின்னர் வருவோம்.

போர் முடிந்தபோது ஜப்பான் முழுவதிலும் உயிரோடு எஞ்சிய யானைகள் இரண்டே. இரண்டும் நகோயா நகரில் இருந்தன. டோக்கியோவின் சிறுவர்கள் அவற்றுள் ஒன்றைத் தங்களுக்குக் கடனாகத் தருமாறு கேட்டார்கள். ஒன்றைவிட்டு மற்றொன்று பிரிய மறுத்தமையால் அது கைகூடவில்லை. பின்னர் நகோயாவுக்குச் சிறுவர்களை ஏற்றிச் செல்லச் சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. ஆயினும் உவேனோச் சிறுவர்கள் விடுவதாயில்லை. தங்கள் கடிதங்களை இந்தியப் பிரதமர் ஜவாஹர்லால் நேருவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பெரியோர் வழியாகச் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. 'எங்களுக்கு ஒரு யானை வேண்டும்' என்று நேரே கேட்டார்கள்.

மைசூர்ப் பகுதியில் வளர்ந்த பெண் யானை ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குத் தம் மகளின் பெயரையே சூட்டினார் நேரு. 1949 செப்டம்பரில் டோக்கியோத் துறைமுகத்தில் இறங்கிய இந்திரா, இரவு வேளையில் நகரத் தெருக்களின் வழியே நடந்தே உவேனோ வந்து சேர்ந்தது. நேரு எழுதிய மடலில், இது தம்முடைய பரிசன்று, இந்தியச் சிறுவர் ஜப்பானியச் சிறுவர்க்கு அளிக்கும் பரிசு என்று குறிப்பிட்டிருந்தார். வலிமையும் மென்மையும் ஒருங்கே கொண்ட யானையின் இயல்பு நம் அனைவருக்கும் வாய்க்க வேண்டும் என்றும் அதில் விழைந்திருந்தார். இந்திராவுக்குக் கன்னடத்தில் சொன்னால்தான் விளங்கும் என்பதால், ஜப்பானியப் பணியாளர் உடன்வந்த பாகர்களிடம் அக்கட்டளைச் சொற்களைப் பயின்றனராம். டோக்கியோவின் நடுவில் ஒரு கன்னட யானை! மறு ஆண்டு அது நாட்டின் பல ஊர்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டது. 1957-இல் நேருவும் அவர் மகளும் வந்து அதனைக் கண்டனர். 1983 ஆகஸ்டில் இந்திரா இறந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதைக் காண வந்த சிறுவருள் ஒருவர்தாம் நாம் சந்தித்த மூதாட்டி.

நண்பகலில் மரநிழல் தேடிக் கொண்டுவந்த உணவை உண்டு, மேற்குப் பகுதிக்குச் சென்றோம். இரு பகுதிகளையும் இணைக்கும் பாலத்திற்கு ஈசாப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். விலங்குகளைப் பேச வைத்த கதைஞருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? அப்பகுதியில் ஆப்பிரிக்கச் சதுப்பு நிலப் பறவை ஒன்று உண்டு. மரக்காலணி போன்ற பெரிய அலகும், கடுமையான பார்வையும் கொண்ட அது அசையாமல் நிற்பதற்கே பெயர் பெற்றது. கால்மணி நேரம் காத்து நின்றோம். அது கண்ணிமைத்ததாக ஓர் ஐயம்; உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அருகே சினோபாசுக் குளம். தாமரை இலைகள் ஆள் மார்பளவு உயர்ந்து நீரே தெரியாதவாறு நின்றன. குளத்து நடுவிலுள்ள கோயிலின் தெய்வம் பென்சைத்தென், நம் நாட்டுக் கலைமகளே பௌத்தத்தோடு கடல்கடந்து பெற்ற ஜப்பானிய வடிவம் என்பதை அறிஞர் கூறுவர்.

அருங்காட்சியகங்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் கத்தோலிக்க வாசகருக்குச் சொல்ல வேண்டும். பூங்காவிலுள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், வியாகுலத் தேவதாயின் சிறு ஓவியம் ஒன்றுள்ளது. கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த 1708-ஆம் ஆண்டில் தன்னந்தனியே ஜப்பானில் கரையிறங்கிய சிசிலி நாட்டுக் குரு சிதோத்தி அடிகளார் கொண்டு வந்தது அது. சிறையில் தமக்குப் பணிவிடை செய்த கணவன் மனைவிக்கு ஞானஸ்நானம் அளித்ததற்காகக் கடுஞ்சிறை பெற்று, 1714-இல் இந்நகரிலேயே இறந்தார். கிறிஸ்தவரைக் கண்டுபிடிக்க மக்களைக் காலால் மிதிக்கச் செய்த திருவுருவத் தகடுகளும் இங்கு உள்ளன. இவற்றை எந்நாளும் காட்சியில் வைப்பதில்லை.

மாலையில் மீண்டும் இரயில் நிலையத்தின் பக்கம் வந்தோம். 1945 மார்ச் 10-ஆம் நாள் இரவில் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் பல்லாயிரவரின் உடல்கள் இப்பூங்கா மண்ணில் தற்காலிகமாகப் புதைக்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் யானைகளைக் கொன்றதன் வாயிலாக மக்களுக்கு முன்னறிவித்த துன்பம் இவ்வாறு வந்து சேர்ந்தது. பெற்றோரை இழந்த சிறுவர் உவேனோ நிலையத்தின் சுரங்கப் பாதையில் நூற்றுக்கணக்கில் அடைக்கலம் புகுந்தனர். சிகரெட் துண்டு பொறுக்கியும், காலணி துடைத்தும், திருடியும் உயிர் வாழ்ந்தனர். பலர் பசியால் அங்கேயே இறந்தனர். 1948-ஆம் ஆண்டு அரசினர் எடுத்த கணக்கின்படி நாடு முழுவதும் பெற்றோரற்ற சிறுவர் 1,23,511 பேர்.

அச்சுரங்கப் பாதையில் தாடி வளர்த்த ஐரோப்பியர் ஒருவர் கறுப்பு அங்கியும் பழைய பையுமாக அடிக்கடி தென்பட்டார். பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த போலந்து நாட்டுச் சகோதரர் செனோ அவர். புனித மாக்சிமிலியன் கோல்பேயோடு 1930-இல் நாகசாக்கிக்கு வந்தவர். 1945-இல் அந்நகரின்மீது அணுகுண்டு விழுந்தபோது தப்பிப் பிழைத்தவர். குருப்பட்டம் இல்லை, படிப்பும் மிகுதியில்லை, ஜப்பானிய மொழியும் உடைந்த மொழியே. ஆயினும் சிறுவரைத் தேடிப் பிடித்து இல்லங்களில் சேர்ப்பதும், உணவும் உடையும் இரந்து கொண்டுவருவதுமாக நாடெங்கும் அலைந்தார். தமக்குச் சாவதற்கு நேரமில்லை என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் சொல். அவருடைய பழைய தோழர் கோல்பே அடிகளார் 1941-இல் ஆஷ்விட்ஸ் முகாமில், குடும்பத் தலைவர் ஒருவருக்கு மாற்றாகப் பட்டினி அறைக்குள் சென்று உயிர் நீத்ததை வாசகர் அறிவர். 1981-இல் ஜப்பானுக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், முதியவரான செனோவைச் சந்தித்துத் தழுவிக்கொண்டார். 1982 ஏப்ரலில் செனோ இறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் கோல்பே புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

பொழுது சாயுமுன், உவேனோவிலிருந்து கிழக்கே அரைமணி நேரம் நடந்து சுமிதா ஆற்றங்கரையை அடைந்தோம். 1950-களில் இக்கரையில்தான் குப்பை பொறுக்கி வாழ்ந்தோரின் குடியிருப்பு இருந்தது. 'எறும்புகளின் நகர்' என்று அதற்குப் பெயர். பேராசிரியர் ஒருவரின் மகளான கித்தஹாரா சத்தோக்கோ, 1949-இல் எலிசபெத் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றவர். சகோதரர் செனோவின் வாயிலாக இவ்விடத்தை அறிந்து, முதலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தார். பின்னர் தாமும் கூடையைத் தோளில் மாட்டிக் குப்பை பொறுக்கி, அவர்களோடே வாழ்ந்து, நோயுற்று, 1958 சனவரி 23-ஆம் நாள் தம் இருபத்தெட்டாம் வயதில் அங்கேயே இறந்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அக்குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கோடை விடுமுறையில் பள்ளியிலிருந்து வீட்டுப்பாடம் ஒன்று கொடுக்கப்பட்டதாம்: மலைக்கோ கடலுக்கோ சென்றுவந்ததைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். குடிசையைவிட்டு எங்கும் சென்றறியாத பிள்ளைகள் எதைத்தான் எழுதுவார்கள்? சத்தோக்கோ பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று கந்தலும் தகரமும் பொறுக்கி விற்றார். சேர்ந்த பணத்தைக் கொண்டு அவர்கள் அனைவரையும் ஹக்கோனே மலைக்கு அழைத்துச் சென்றார். ஆற்றங்கரைப் பூங்காவில் இன்று குடிசைகள் இல்லை. நாம் சென்ற மாலையில் நாலைந்து சிறுவர் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். விளக்குகள் ஏற்றப்பட்டதும் தாய்மார் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராக வீட்டுக்குச் சென்றனர்.